அணைக்கட்டுக்கு வந்த காய்ச்சல்

அத்தியாயம் ஏழு

துப்பறியும் சைனுதீன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்து, சுள்ளிக்காடு அணைத் தண்ணீரில் ஒரு விரலை விட்டார்.

"நாடி பாக்கீகளா அண்ணாச்சி?" என்றான் அவருடைய உதவியாளன் மொக்கையன். "ஏரி ஆம்பளையா பொம்பளையான்னு மொதல்ல கேட்டுக்கிடுங்க. கை மாறிப் புடிச்சா வைத்தியம் தப்பிரும்."

"சுடுதுடா."

"சித்திரை வெயிலு. எம் மண்டையத் தொட்டுப் பாருங்க, அதுவும்தான் சுடும். அதுக்கு யாராவது கமிட்டி போட்டாகளா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. மொக்கையனின் மண்டைக்குக் கமிட்டி போடாத சர்க்கார், இந்த ஏரித் தண்ணீருக்குப் போட்டிருந்தது. கமிட்டியில் மூன்று பேர். மூவரும் கரையில் குடை பிடித்து நின்றுகொண்டு, நூலில் கட்டிய தெர்மாமீட்டரை ஏரிக்குள் விட்டு எடுத்து, ஆளுக்கு ஒருமுறை படித்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்ற பிள்ளைக்கு ஜுரம் என்றால்கூட இவ்வளவு உருக்கமாக ஆட்டியிருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். முதலமடை மாந்தோப்புகளுக்கு அப்பால், மழை வழி தவறிக்கூட எட்டிப் பார்க்காத வறண்ட சீமையில் ஓர் அணை கட்டினார்கள். அணை என்று ஒன்று இருந்தால் பெரிய மனிதர்கள் பார்க்க வருவார்கள். வருகிறவர்களைச் சும்மா கரையில் நிற்க வைக்கலாமா? கொச்சியிலிருந்து ஒரு பழைய மோட்டார் படகை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, 'ஜலராணி' என்று பெயர் எழுதி மிதக்க விட்டார்கள். கடலிலேயே உழைத்த படகு. இந்தப் பக்கத்திலோ மாட்டு வண்டி தெரியும், லாரி தெரியும், படகைத் தெரிந்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. அதனால் என்ன, எஞ்சின் இருக்கிறது, மோட்டார் ஓட்டத் தெரிந்தவன் போதும் என்று அணைக்கட்டு ஆபீஸ் முடிவு செய்தது. வாளையார் பாதையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பெரியமுத்துவைப் பிடித்துப் படகில் உட்கார வைத்தது.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடிற்று. அப்புறம் ஒருநாள் ஏரி நடுவில் எஞ்சின் கொதித்துப் புகை கக்கி நின்றுபோனது. அன்று படகில் இருந்தவர் ஒரு சட்டசபை மெம்பர். அவரைப் பரிசலில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். பரிசல் சுற்றிச் சுற்றித்தான் வரும். கரைக்கு வந்த பிறகும் மெம்பர் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அடுத்த தடவை மாட்டிக்கொண்டவர் ஜில்லாவின் பெரிய அதிகாரி. அதற்கடுத்த தடவை அவருடைய மாமியார். மாமியார் மாட்டிய மறுநாளே கமிட்டி போட்டாகிவிட்டது.

'இவ்வருஷம் ஏரித் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியிருப்பதே எஞ்சின் சூடேறக் காரணம்' என்று கமிட்டி கண்டுபிடித்தது. சூட்டைத் தணிக்கக் கோயமுத்தூரிலிருந்து ஐஸ் கட்டிகளை வரவழைத்து ஏரியில் போட்டார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, லாரி லாரியாகப் போட்டார்கள். எல்லைச் சாவடி ஒன்றில் அந்தச் சரக்கு திடப்பொருளா திரவமா என்று கேட்டு லாரியை நிறுத்தி வைத்தார்களாம். பதில் வருவதற்குள் கேள்வி தானாகவே தீர்ந்து, சாலையோரமாக வழிந்து ஓடியது.

ஐஸும் பலிக்கவில்லை. இனி யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். தண்ணீரை சஸ்பெண்ட் செய்ய ரூலில் இடமில்லை. பெரியமுத்துவைச் செய்தார்கள். நாசவேலை என்று மேலே எழுதியும் அனுப்பினார்கள்.

அவனுடைய மனைவி பூமாரி நேற்று பஸ் ஏறி, பாலக்காடு பெரிய கடைவீதியில் சைனுதீனின் மாடி அறையைத் தேடி வந்து, அழாமல், கோபமாக, முழுவதையும் சொன்னாள். இன்று சாயங்காலம் மந்திரி வருகிறார். படகில் போகிறார். சஸ்பெண்ட் ஆன பெரியமுத்துதான் ஓட்ட வேண்டும், ஏனென்றால் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. ஆகவே சஸ்பெண்டை ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். இன்றும் படகு நின்றால் கரை ஏறியதும் நேராக லாக்கப். அப்புறம் லைசென்ஸ் போகும், எந்த முதலாளியும் அவனை ஸ்டியரிங் பக்கத்தில் விட மாட்டான்.

"வாடா, நோயாளிகிட்ட அப்பறம் வரலாம். மொதல்ல குற்றவாளியப் பாக்கலாம்" என்று சைனுதீன் விரலைத் துடைத்துக்கொண்டார்.

*

பெரியமுத்து ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுக்குக் காவலாக ஒரு போலீஸ்காரர். இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எஞ்சின் சூடாறப்போ நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார் சைனுதீன்.

"லாரியா இருந்தா ஓரங்கட்டி, ரேடியேட்டர் மூடியத் தெறந்து தண்ணி ஊத்துவனுங்க. இதுல ரேடியேட்டரே இல்லீங்க. மூடியத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போச்சு. ஆபீசர் ஐயாகிட்டப் போயி, ஏனுங்க, இதுக்குத் தண்ணி எங்கீங்க ஊத்தறதுன்னு கேட்டேன். ஏரி பூராத் தண்ணி நிக்குது, உனக்கு இன்னும் எங்கடா ஊத்தணும்னு வைதுபோட்டாருங்க."

"அப்பறம்?"

"சாக்கை நனைச்சு எஞ்சின் மேல போத்தி உட்டேனுங்க."

போலீஸ்காரர் பீடியை வாங்கிக்கொண்டு, "அந்தச் சாக்கைத்தான் சாட்சிப் பொருளா எடுத்து வெச்சிருக்காங்க" என்றார். "படகைக் கொளுத்தப் பாத்தானாம்."

"நனைச்ச சாக்கை வெச்சா?" என்றான் மொக்கையன். "அப்ப தீயணைக்கிறவகளத்தான் மொதல்ல புடிச்சு உள்ள போடணும்."

பெரியமுத்து சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலீங்க ராவுத்தரே. எனக்கு அந்தப் படகு மேல பிரியமுங்க. லாரியில போனா குண்டும் குழியும். இதுல அலுங்காமப் போகும். நான் எதுக்குங்க அதைக் கெடுப்பேன்?" என்றான்.

சைனுதீன் அவன் தோளைத் தட்டிவிட்டு ஆபீசுக்கு நடந்தார்.

ஸ்பெஷல் ஆபீசர் மரியஜோசப்பின் ஆபீசில் அசையாத பொருள் எல்லாவற்றுக்கும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. கேட் பச்சை, பூந்தொட்டி பச்சை, பெஞ்சு பச்சை. வாசலில் பட்டுப்போன வேப்பங்கன்று ஒன்று நின்றது. அதைச் சுற்றிய கூண்டும் பச்சை. அந்தக் கன்றுக்குப் பச்சை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

"தண்ணீரின் உஷ்ணம் அசாதாரணமானது" என்றார் மரியஜோசப். நல்ல வெள்ளை உடுப்பு, நல்ல குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவார். யாராவது எழுதிக்கொள்வதற்கு வசதியாக இருக்கும். "கமிட்டி அதை நிரூபித்துவிட்டது. ஐஸ் சிகிச்சையும் நடக்கிறது. அதையும் மீறி படகு நிற்கிறது என்றால், மனுஷக் கை இருக்கிறது. அந்த டிரைவர் கை."

"சரிங்க. பங்குனியில இதைவிட வெயிலு. தண்ணி அப்பவும் சுட்டுதுங்களா?"

"சுட்டது."

"படகு?"

"ஓடியது."

"ஏனுங்க?"

மரியஜோசப் இடைவெளி விட்டார். இந்தத் தடவை இடைவெளிக்குப் பிறகு வார்த்தை வரவில்லை. "நீங்கள் எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார்.

"நான் எந்த டிபார்ட்மெண்ட்டும் இல்லீங்க."

"அப்படியானால் போகலாம்."

*

படகுத் துறைக்கு மேலே ஓலைக் கொட்டகை போட்டு டீக்கடை நடத்திக்கொண்டிருந்தாள் ஹவ்வாம்மா. பாலக்காட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் துணிக்கடை வைத்திருக்க, அணை வரப்போகிறது, கூட்டம் வரும் என்று நம்பி இங்கே வந்தவள். அணை வந்தது. கூட்டம் என்னவோ கமிட்டியாகத்தான் வந்துகொண்டிருந்தது. கமிட்டி கடன் கணக்கில் டீ குடிக்கும்.

மொக்கையன் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "யக்கா, இந்த கிளாஸுல ஏற்கனவே யாரோ டீ குடிச்சிருக்காக. அவரு வாயிகூட அப்படியே இருக்கு."

"பச்சைத் தண்ணியில கழுவுனா எண்ணைப் பிசுக்குப் போகுமாப்பா?" ஹவ்வாம்மா சுள்ளென்று விழுந்தாள். "வெறகு விக்கற வெலையில கிளாஸு கழுவறதுக்குன்னு தனியா வெந்நி வைப்பாங்களா? முன்னெல்லாம் படகு குடுக்கும். இப்ப அதும் நின்னு போச்சு."

சைனுதீன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "படகு என்ன குடுக்கும்?"

"வெந்நிங்கண்ணே. அந்தப் படகுக்கு வெலாப்பக்கம் ஒரு ஓட்டைக் குழா இருக்குது பாருங்க, எஞ்சின் ஓடுனா அதுல இருந்து குபுகுபுன்னு கொட்டும். சொல்லக் கூடாது, சின்னப் பசங்க ஒண்ணுக்குப் போறாப்புல. பெரியமுத்து படகைக் கரைக்குப் பக்கத்துல நிறுத்தி எஞ்சினை ஓட உடுவான். நான் கூடையோட கிளாஸை அங்க புடிச்சுக் கழுவிக்குவேன். கையி பொறுக்கற சூடு. நல்லாப் போகும் பிசுக்கு."

"எப்ப இருந்து நின்னுச்சு?"

"படகைக் கரையில ஏத்திப் பெயிண்ட் அடிச்சாங்கல்ல, அதுல இருந்து. எங்கியோ ஒழுகிட்டிருந்ததைச் சரி பண்ணிட்டாங்க போல. படகுக்கு நல்லது. எனக்குத்தான் நட்டம்."

சைனுதீனின் முகத்தைப் பார்த்த மொக்கையனுக்கு விளங்கிவிட்டது. அவர் புருவம் அப்படி ஏறினால் அடுத்து வேலை இருக்கும், அந்த வேலை பெரும்பாலும் இவன் தலையில் விழும்.

"மொக்கையா, வெளிய தண்ணி கொட்டுச்சுன்னா, உள்ள எப்படிடா வந்துச்சு?"

"யாராவது ஊத்தியிருப்பாக."

"எங்க ஊத்தறதுன்னு தெரியாமத்தான் பெரியமுத்து வசவு வாங்கியிருக்காரு. உள்ள வந்த தண்ணி பச்சைத் தண்ணியா வந்து, வெந்நியா வெளிய போயிருக்குது. நடுவால எஞ்சின் கிட்ட இருந்து சூட்டை வாங்கிட்டுப் போயிருக்குது. லாரிக்கு ரேடியேட்டர். படகுக்கு எதுக்கு ரேடியேட்டர்? ஏரியே ரேடியேட்டர்தானே! அது எங்கியோ ஒரு எடத்துல வாயை வெச்சு உறிஞ்சியிருக்குது. அந்த வாய் எங்கன்னு பாத்துட்டு வா."

"எங்ஙன போயிப் பாக்க?"

சைனுதீன் படகின் அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"அண்ணாச்சி, நான் மூணாறு தேயிலைக் காட்டுல பொறந்தவன். எனக்குத் தெரிஞ்ச ஆழமெல்லாம் இந்தா இந்த டீ கிளாஸ்தான்."

"நெஞ்சளவுதாண்டா இருக்குது. மூச்சைப் புடிச்சிக் குனி."

கமிட்டி வாய் பிளந்து பார்க்க, மொக்கையன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். மூழ்கினான். எழுந்து, "வெந்நியில குளிக்க மாதிரி சொகமா இருக்கு" என்றான். மறுபடி மூழ்கினான். இந்தத் தடவை எழுந்தபோது வாய் வேடிக்கை பேசவில்லை.

"ஓட்டை இருக்கு அண்ணாச்சி. எஞ்சினுக்கு நேர் கீழ. ஆனா அடைச்சு வச்சிருக்கு!"

உளியும் சுத்தியும் ஹவ்வாம்மாவின் விறகுக் கட்டுக்குள்ளிருந்து வந்தன. நாலைந்து மூழ்கல்களுக்குப் பிறகு மொக்கையன் ஒரு மரக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறினான். மாங்காய் அளவு இருந்தது. நன்றாக இழைத்து, ஓரத்தில் தாரும் தேங்காய் நாரும் வைத்து இறுக்கிய கட்டை.

கரையில், ஐஸை மூடி வந்த மரத்தூள் நனைந்து கிடந்த லாரியோடு நின்றிருந்தார் ஐஸ் கான்ட்ராக்டர் குப்பண்ணன். மொக்கையன் ஈரத்தோடு போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.

"ஏரிக்குக் காய்ச்சல் எத்தனை நாளைக்கு இருக்கோ, அத்தனை நாளைக்கு ஒமக்கு ஐஸ் யாவாரம். ராத்திரியோட ராத்திரியா வந்து அடைச்சிட்டீரு, அப்படித்தான?"

"அய்யய்யோ, உடுங்க சாமி!" குப்பண்ணன் அலறினார். "எனக்கு நீச்சலே தெரியாதுங்க. நான் ஐஸ் மூட்டை தூக்கறவன். ஏரியில ஐஸைப் போடச் சொன்னப்பவே இதென்ன கிறுக்குத்தனம்னு கேட்டேனுங்க. கேட்டதுக்கு, விஞ்ஞானம் உனக்குத் தெரியாதுன்னுட்டாங்க."

"உட்றா அவரை" என்றார் சைனுதீன். அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பக்கம் இருந்த முகத்தை நகத்தால் சுரண்டினார். முதலில் ஒரு பச்சை உதிர்ந்தது. அதன் அடியில் இன்னொரு பச்சை.

"மொக்கையா, நீ ஒரு நாசவேலை பண்ணப் போறே. ஆரும் பாக்காத எடம், தண்ணிக்கு அடியில. அடைச்சதுக்கு அப்பறம் அதுக்கு பெயிண்ட் அடிப்பியா?"

"அடிக்க மாட்டேன்."

"ரெண்டு கோட்டு?"

மொக்கையன் குப்பண்ணனின் காலரை விட்டுவிட்டு, அதை ஒருமுறை நீவியும் விட்டான். மெதுவாகத் திரும்பி, மேட்டில் இருந்த பச்சை கேட்டையும் பச்சைத் தொட்டிகளையும் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது களவாணி வேலை இல்ல. இது கவர்மெண்டு வேலை."

*

கமிட்டியின் மூன்று பேரும் பச்சை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மரியஜோசப். மந்திரியின் கார் கொல்லங்கோட்டைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்திருந்ததால் எல்லாருக்கும் வியர்த்தது. வாசற்படியில் பூமாரி நின்றாள்.

சைனுதீன் மடியில் எதையோ துண்டால் மூடி வைத்துக்கொண்டு, மிகவும் பணிவாக ஆரம்பித்தார்.

"ஐயா, நான் கெளம்பறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிரேன். இந்தப் படகை ஒருக்கா நீங்கதான் முழுகாமக் காப்பாத்துனீங்கன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. நெசமுங்களா?"

ஊருக்குள் யாரும் அப்படிப் பேசவில்லை. ஆனால் புகழ்ச்சி எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று யார் விசாரித்தார்கள்? மரியஜோசப்பின் முகம் மலர்ந்தது.

"அதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை" என்று சொல்லிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். "பெயிண்ட் அடிக்கப் படகைக் கரையில் ஏற்றியிருந்தோம். வேறு ஆபீசராக இருந்தால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார். நான் குனிந்து பார்த்தேன். என் பதவியில் இருப்பவர் குனிவது சாதாரணமல்ல. இருந்தாலும் குனிந்தேன். அடியில்..." இடைவெளி விட்டார். "ஓட்டை!"

கமிட்டி உச்சுக்கொட்டியது.

"இத்தனை பெரிய ஓட்டை. இதை வைத்துக்கொண்டா சட்டசபை மெம்பரை ஏற்றப் பார்த்தோம் என்று எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. கொச்சிக்காரன் நம்மை ஏமாற்றி ஓட்டைப் படகை விற்றுவிட்டான். ஆசாரியை வரவழைத்து, நல்ல மரத்தில் கட்டை இழைத்து, தார் வைத்து, என் நேரடி மேற்பார்வையில் அடைத்தேன். மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது."

"பெயிண்டுங்க?"

"பின்னே? ரெண்டு கோட்!"

சைனுதீன் துண்டை விலக்கி, கட்டையை மேஜைமேல் வைத்தார். பச்சை மேஜையில் பச்சைக் கட்டை கச்சிதமாகப் பொருந்தியது.

"இதுங்களா?"

"இதேதான்! இது எப்படி வெளியில்... அய்யோ, படகு முழுகிவிடுமே!"

"முழுகாதுங்க. அந்த ஓட்டைக்கு மேல எஞ்சினுக்குப் போற குழா மாட்டியிருக்குது. அது வழியாத்தான் படகு தண்ணி குடிச்சு, எஞ்சினைக் குளிர வெச்சு, வெலாப்பக்கமா வெளிய உட்டுக்கிட்டு இருந்துச்சு. கடல்ல ஓடுனப்பவும் அப்படித்தான், இங்க வந்து பங்குனி வெயிலுலயும் அப்படித்தான். நீங்க அதோட வாயை அடைச்சுப்போட்டீங்க. அப்பறம் தண்ணி சுட்டா என்ன, ஐஸாவே இருந்தா என்ன? அது தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டுத் தாகத்துல தவிச்சிருக்குது."

கமிட்டியில் ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் தரையைப் பார்த்தார். மூன்றாமவர் தெர்மாமீட்டரை எடுத்து அதன் உறைக்குள் மெல்லப் போட்டார்.

மரியஜோசப் முதலில் கதவைப் பார்த்தார், பிறகு கட்டையை, பிறகு சைனுதீனை. குரல் தணிந்துவிட்டது. "நாசவேலை என்று மேலே எழுதிப் போயாகிவிட்டது. இப்போது குற்றவாளி இல்லை என்று எழுதினால், பின்னே யார் என்று கேட்பார்கள்."

"கேப்பாங்கதானுங்க."

"என்னுடைய பென்ஷன்..."

சைனுதீனுக்கு அந்த மனிதர்மேல் ஒரு நிமிஷம் இரக்கமே வந்துவிட்டது. "முதல்ல தண்ணிதான் காரணம்னு எழுதியிருக்கீங்கல்ல? அதையே திரும்பப் புடிச்சுக்குங்க. காய்ச்சல் தணிஞ்சுது, படகு ஓடுதுன்னு எழுதுங்க. பெரியமுத்து மேல போட்ட கேஸை எடுத்துருங்க, வேலையைத் திருப்பிக் குடுத்துருங்க. எனக்கு அது போதும்."

கமிட்டி மூன்று தலைகளையும் ஒரே சமயத்தில் ஆட்டியது. ஐஸ் சிகிச்சை பலித்துவிட்டது என்று அங்கேயே தீர்மானமாயிற்று.

வெளியே வந்ததும் மொக்கையன், "ஏரிக்கு இன்னைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திரலாம்" என்றான்.

பூமாரி சிரிக்கவில்லை. "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு குத்தம் பண்ணலைன்னு எழுதுவாங்களா?"

"எழுத மாட்டாங்க அம்மிணி. கேஸு இல்லைன்னு ஆயிரும். வேலை தப்புச்சு, ஜெயில் தப்புச்சு. போதாதா?"

"போதாதுங்க." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "காய்ச்சல் தணிஞ்சுது, சரி. அத்தனை நாளும் படகைக் கெடுத்தவன் ஆருன்னு ஊருல கேட்டா? எங்கூட்டுக்காரரு பேருதானுங்க இருக்குது. கெணத்தடிக்குப் போனா, நாசகாரன் பொண்டாட்டி வர்றா, குடத்தைப் பாத்துக்குங்கடீன்னு சொல்றாளுங்க. ஏரியவா சொல்றாங்க? என்னையத்தானுங்க சொல்றாங்க."

கெட்டிக்காரத்தனமாகப் பேரம் முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

"அந்தக் கட்டைய எனக்குக் குடுத்துருங்க" என்றாள் பூமாரி.

"எதுக்கு அம்மிணி?"

"அடுப்புக்காச்சும் ஆகும்."

கொடுத்துவிட்டார்.

*

மந்திரி வந்தார். மாலைகள் விழுந்தன. புறப்படுவதற்கு முன் சைனுதீன் பெரியமுத்துவின் காதில், "கரையை உட்டுக் கெளம்பறப்பவே வெலாப்பக்கக் குழாயை எட்டிப் பாருங்க. தண்ணி கொட்டுனா போலாம். நின்னுச்சுன்னா எஞ்சினையும் நிறுத்துங்க. உறிஞ்சற வாயில எலை தழை அடைச்சிருக்கும்" என்றார். லாரிக்காரனுக்கு இது நன்றாகப் புரிந்தது.

ஜலராணி கிளம்பியது. குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. ஏரி நடுவுக்குப் போய், அந்தக் கரையைத் தொட்டு, புகையில்லாமல் திரும்பி வந்தது. ஏரித் தண்ணீர் அப்போதும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.

மரியஜோசப் மேடையேறிப் பேசினார். வழக்கத்துக்கு மாறான உஷ்ணத்தைத் தம்முடைய இலாகா இடைவிடாத ஆராய்ச்சியாலும் ஐஸ் சிகிச்சையாலும் வென்ற வரலாற்றை இடைவெளி விட்டு விட்டுச் சொன்னார். மந்திரி கை தட்டினார். மந்திரி தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். சுள்ளிக்காட்டு ஜனங்கள் முழுக்க அங்கே இருந்தார்கள்.

அப்புறம் ஊர்ப் பெண்கள் தட்டு வரிசையோடு வந்தார்கள். மாம்பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு, தேங்காய்த் தட்டு. மந்திரி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பின்னால் அனுப்பினார். கடைசித் தட்டு பூமாரி கையில் இருந்தது. மேலே ஒரு துணி மூடியிருந்தது.

மந்திரி துணியை விலக்கினார். சந்தனம் குங்குமம் வைத்த பச்சைக் கட்டை.

"இதென்னம்மா?"

"படகு நின்னு நின்னு போனதுக்குக் காரணம் இதுதானுங்க சாமி." பூமாரியின் குரல் கூட்டத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. "ஆபீசர் ஐயா தன்னோட மேற்பார்வையில பண்ணுனதுங்க. எப்படிப் பண்ணுனாருங்கறதை அவரே ரொம்ப நல்லாச் சொல்லுவாருங்க. கேட்டுப் பாருங்க. பண்ணுனது அவரு, பேரு எம் புருசனுக்கு. அதை மட்டும் மாத்திக் குடுங்க, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மொக்கையன் சைனுதீனின் பக்கம் சாய்ந்து, "அண்ணாச்சி, அடுப்புக்குன்னு வாங்குன கட்டை இங்க எரியுது" என்றான். சைனுதீன் அவன் கையை அழுத்திப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

மந்திரி கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மரியஜோசப்பின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்களேன், கேட்போம்."

மத்தியானம் அத்தனை அழகாகச் சொன்ன கதைக்கு இப்போது முதல் வார்த்தை கிடைக்கவில்லை. மரியஜோசப் இடைவெளி விட்டார். விட்டுக்கொண்டே இருந்தார். கமிட்டிக்காரர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முழுகுகிற படகு எது என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்தது. "நான் சொல்கிறேன் சார்" என்று ஒருவர் முன்னால் வந்தார். "இல்லை, நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன் சார்" என்று அடுத்தவர் அவரைத் தள்ளினார். அந்தக் கமிட்டி போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக மூன்று வாயிலிருந்தும் ஒரே உண்மை வெளியே வந்தது. குனிந்து பார்த்தது, ஓட்டையை அடைத்தது, ஆசாரி, தார், இரண்டு கோட், எதுவும் பாக்கியில்லை.

மந்திரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பூமாரியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"டிரைவர் எங்கே?"

பெரியமுத்து படகிலிருந்து இறங்கி, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"உன்மேல் ஒரு தப்பும் இல்லை. நாசவேலை என்று எழுதியது பொய். நாளைக்கே திருத்தி எழுதச் சொல்கிறேன்" என்றார் மந்திரி. மைக் திறந்தே இருந்தது. மேட்டில் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிப் புனல்களும் அதை ஊர் முழுக்கச் சொல்லின.

பெரியமுத்து கும்பிட்டான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பூமாரி மந்திரியைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. வெறும் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தட்டு வரிசையில் நின்ற கிணற்றடிப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருத்திகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.